விசுவமடுவிலிருந்து வெளிநாட்டில் ஆசிரியர் வேலை: யாருக்குப் பணம் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது?

மூன்றாம்வாய்க்கால்
எல்லோருக்கும் வணக்கம். வயது 29. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பட்டம் முடித்தேன். அரச நியமனம் இன்னும் இல்லை. நான்கு வருடமாக விசுவமடுவில் ஒரு கொட்டகையில் ரியூசன் நடத்துகிறேன். தரம் 10, 11 பிள்ளைகள். நெல்லு வெட்டி முடிந்தால்தான் பாதிப் பேர் காசு தருவார்கள், அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இப்போது இரண்டு வழி வந்திருக்கிறது. ஒன்று, தெரிந்தவர் ஒருவர் மூலம் மாலைதீவில் ஒரு பாடசாலை. நான்கரை இலட்சம் கேட்கிறார். விசா தேவையில்லை, முதலில் சுற்றுலாப் பயணியாக வாருங்கள், அங்கே எல்லாம் மாற்றலாம் என்கிறார். மற்றது, கிளிநொச்சியில் ஒரு முகவர். இங்கிலாந்தில் ஆசிரியர் வேலை, பதினெட்டு இலட்சம், பாதி முன்பணம். அப்பா வயல்காணியை ஈடு வைக்கலாம் என்கிறார். எனக்கு நித்திரை வருவதில்லை. போய் வந்தவர்கள், விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலைமரம்
தங்கச்சி, காணி உறுதியை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள் அப்பாவிடம். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

இங்கிலாந்துக் கதையை முதலில் முடிக்கிறேன். அங்கே ஆசிரியருக்கென்று ஒரு தகுதி நிலை இருக்கிறது. வெளிநாட்டு ஆசிரியர்கள் அதற்கு நேரடியாக விண்ணப்பிக்கும் புதிய முறையை 2023 பெப்ரவரியில் தொடங்கினார்கள். அப்போது பெரிதாகப் பேசப்பட்ட ஒன்பது இடங்கள்: கானா, ஹொங்கொங், இந்தியா, ஜமைக்கா, நைஜீரியா, சிங்கப்பூர், தென்னாபிரிக்கா, உக்ரேன், சிம்பாப்வே. அதில் இலங்கை இல்லை. இந்தியாவின் பெயர் இருந்ததை வைத்துக்கொண்டுதான் இங்கே பல முகவர்கள் "ஆசிய ஆசிரியர்களை எடுக்கிறார்கள்" என்று பேசித் திரிகிறார்கள். நமக்கு வேறு வழிகள் உண்டு, ஆனால் அவை படிப்பும் காலமும் கேட்கும் வழிகள். அங்கே ஒரு பாடசாலை உங்களை நேர்முகம் கண்டு, விசாவுக்கு அனுசரணை தருவதாக எழுதித் தராமல் எதுவும் நடக்காது. முகவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பாடசாலையின் பெயர் என்ன, என்னை யார் நேர்முகம் காண்பார்? பதினெட்டு இலட்சத்துக்கு அவர் பதில் வைத்திருக்க வேண்டும்.

கொப்பிக்காரி
மாலைதீவைப் பற்றி நான் சொல்கிறேன். நான்கு வருடம் ஒரு சின்னத் தீவில் கணிதம் படிப்பித்தேன். மல்லாவி என் ஊர்.

முதலில் அந்த "சுற்றுலாப் பயணியாக வாருங்கள்" என்ற பேச்சு. மாலைதீவில் இறங்கியதும் நமக்கு 30 நாள் அனுமதி இலவசமாகக் குத்துவார்கள், உண்மை. அது கடல் பார்க்க. அதை வைத்துக்கொண்டு வகுப்புக்குள் நின்றால் நீங்கள் சட்டவிரோதத் தொழிலாளி. சம்பளம் தராவிட்டால் யாரிடமும் முறையிட முடியாது, ஏனென்றால் முறையிடப் போனால் உங்களைத்தான் முதலில் பிடிப்பார்கள். சரியான வழியில் வேலை தருபவர் நீங்கள் புறப்படும் முன்பே உங்கள் பெயரில் வேலை அனுமதி எடுக்க வேண்டும். அந்தக் கடதாசி கையில் வந்த பிறகுதான் விமானச் சீட்டு.

நான் போனபோது ஒரு சதம்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. விளம்பரம் பார்த்து நேரே விண்ணப்பித்தேன். செலவு முழுவதும் சான்றிதழ்களுக்குத்தான். பட்டச் சான்றிதழை அங்கே தகைமைகளுக்கான அதிகார சபை ஒன்று மதிப்பிடும். அதற்கு அனுப்பும் முன் இங்கே வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு உறுதிப்படுத்த வேண்டும்.

இனி ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாத விடயம். பாடம் முழுக்க ஆங்கிலத்தில். திவேகி மொழியும் இஸ்லாமும் மட்டும் அவர்களின் மொழியில். மேல் வகுப்புகளில் கேம்பிரிட்ஜ் சாதாரண தரப் பாடத்திட்டம். எனக்கு ஆங்கிலத்தில் 'பி' இருந்தது, போதும் என்று நினைத்தேன். இரண்டாம் கிழமை, தரம் 9. சமனிலி படிப்பிக்கிறேன். இரண்டு பக்கத்தையும் மறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பும் என்று எழுதினேன். முன்வரிசையில் ஒரு பொடியன் எழும்பி, "ஏன் மிஸ் திரும்புகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். தமிழில் என்றால் அரை நிமிட வேலை. எண்கோடு கீறி, 2 சிறியது 3 பெரியது, பூச்சியத்துக்கு அந்தப் பக்கம் போனால் மறை 3 தான் சிறியது, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி என்று சொல்லியிருப்பேன். எனக்கு ஆங்கிலத்தில் ஒரு வசனம் வரவில்லை. மார்க்கரோடு நின்றேன். கடைசியில் ஒன்றும் பேசாமல் எண்கோட்டைக் கீறி இரண்டு புள்ளி வைத்து அம்புக்குறி போட்டேன். அந்தப் பொடியன்தான் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினான். அன்றிரவு அறையில் இருந்து அழுதேன். அடுத்த நாளிலிருந்து நாளைய பாடத்தை முதல் நாளே சுவருக்குச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். ஆறு மாதம் எடுத்தது நிமிர.

ஆகவே தங்கச்சி, நான்கரை இலட்சத்தை மறந்துவிட்டு இன்றைக்கே உங்கள் கொட்டகையில் கிழமைக்கு ஒரு பாடத்தை ஆங்கிலத்தில் நடத்திப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் நல்லது.

ஏ9_பயணி
சம்பளம் எப்படி அக்கா? மிச்சம் பிடிக்கலாமா?

கொப்பிக்காரி
பிடிக்கலாம். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். சம்பளம் ரூபியாவில். ஒரு டொலருக்கு 15.42 ரூபியா என்பது அரசு விகிதம். வீட்டுக்கு அனுப்ப டொலர் வாங்கப் போனால் வங்கி அளந்துதான் தரும், வெளியில் வாங்கினால் கூடக் கொடுக்க வேண்டும். முகவர்மார் 15.42 ஆல் பிரித்து, இலங்கைக் காசால் பெருக்கி, ஒரு பெரிய தொகையைக் காட்டுவார்கள். கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ஒப்பந்தத்தில் தங்குமிடம் தருகிறார்களா, விடுமுறைக்குப் பயணச் சீட்டு உண்டா என்று பாருங்கள். இந்த இரண்டும் இல்லை என்றால் மிச்சமும் இல்லை.

மரக்கறி விலை கூட. மீன் தாராளம், அதுவும் சூரை. நம்முடைய முருங்கைக்காயை நினைத்து ஏங்குவீர்கள். வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை.

முறிகண்டியான்
வலயக் கல்வி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன், அந்தப் பக்கத்தால் கொஞ்சம் சொல்லலாம். தங்கச்சிக்கு இது பொருந்தாது, ஆனால் நியமனம் உள்ள ஆசிரியர்களும் இதை வாசிப்பார்கள்.

2022 இல் பொருளாதார நெருக்கடி நேரம் பொது நிருவாகச் சுற்றறிக்கை 14/2022 வந்தது. அரச சேவையில் உள்ளவர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போய் வேலை செய்யலாம், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை என்று சொன்ன சுற்றறிக்கை. அதைக் காட்டி "எனக்கு உரிமை உண்டு" என்று வருபவர்கள் பலர். அப்படி இல்லை. உங்கள் இடத்துக்குப் பதில் ஆள் உண்டா என்று பார்த்துத்தான் விடுவிப்பார்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்றால் நம் வலயங்களில் விடுவிப்பது கஷ்டம். அனுமதிக் கடிதம் கையில் வராமல் புறப்பட்டுப் போய், பதவியை விட்டு விலகியதாகக் கடிதம் வீட்டுக்கு வந்த பிறகு அழுதவர்களை மேசைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள்.

தங்கச்சிக்கு: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும், நேரே வேலை கிடைத்திருந்தாலும். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த நிறுவனம் அது. முகவருக்கு அங்கே உரிமம் இருக்க வேண்டும். உரிமம் மட்டும் போதாது, அந்த நாட்டில் அந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து இரண்டையும் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் இதற்கென்றே உத்தியோகத்தர் இருக்கிறார். முகவர் வேண்டாம் என்றாலும் அவரிடம் ஒருமுறை போய் இருந்து கதையுங்கள், காசில்லாத ஆலோசனை.

நந்திக்கடல்காற்று
எனக்கு வேறு பிரச்சினை. சான்றிதழ் ஒன்றும் இல்லை. உயர்தரம் எழுதியது 2006 இல், புதுக்குடியிருப்பில். 2009 இல் பையோடு எல்லாம் போனது. பிறப்புச் சான்றிதழ் பிறகு எடுத்தேன். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளை எடுக்கவே இல்லை, சுட்டெண்கூட ஞாபகமில்லை. இப்போது ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். இனி வெளிநாட்டைப் பற்றி யோசிப்பதே வீணா?

கொப்பிக்காரி
வீண் இல்லை அக்கா. எனக்கும் அதே கதை. எங்கள் பெட்டி மாத்தளன் பக்கம் எங்கோ கிடக்கிறது.

பரீட்சைத் திணைக்களத்தில் ஆண்டும் சுட்டெண்ணும் கொடுத்தால் பெறுபேற்றுச் சான்றிதழைத் திரும்பத் தருவார்கள். சுட்டெண்தான் பிரச்சினை. நான் எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? பரீட்சை மண்டபத்தில் எனக்குப் பின்னால் இருந்து எழுதியவள் இப்போது ஜேர்மனியில். அவளின் அம்மா அவளுடைய பெறுபேற்றுத் தாளைச் சட்டைக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். அவளுடைய எண்ணில் ஒன்றைக் கழித்தால் என்னுடையது. வட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது, எண் மட்டும் அப்படியே இருந்தது. உங்களோடு எழுதியவர்களைத் தேடுங்கள். ஒரு வகுப்பில் ஒருவரிடமாவது இருக்கும்.

நந்திக்கடல்காற்று
வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எனக்கு முன்னால் இருந்தவளைத் தெரியும். முள்ளியவளையில் இருக்கிறாள். நாளைக்குப் போகிறேன்.

பாலைமரம்
சான்றிதழ் என்றதும் இன்னொன்று. பெயர். பிறப்புச் சான்றிதழ் தமிழில். கடவுச்சீட்டில் ஆங்கிலம். உயர்தரத்தில் முதலெழுத்து மட்டும். பட்டத்தில் முழுப்பெயர். ஒன்றில் 'த'வுக்கு 'ரீ'யோடு 'எச்' போட்டிருப்பார்கள், மற்றதில் 'எச்' இருக்காது. நமக்கு அது ஒரே பெயர். வெளியில் இருப்பவனுக்கு அது இரண்டு ஆட்கள். என் தம்பியின் அவுஸ்திரேலிய விண்ணப்பம் இதனாலேயே நான்கு மாதம் நின்றது. முதலில் கடவுச்சீட்டை எடுத்து, அதிலுள்ள எழுத்துக்கூட்டலோடு மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். கடவுச்சீட்டுக்குக் கொழும்பு போகத் தேவையில்லை, வவுனியாவில் கிளை அலுவலகம் இருக்கிறது. கொன்சியூலர் உறுதிப்படுத்தலுக்கு யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் அலுவலகம் உண்டு. எந்தக் கடதாசிக்கு யார் முதலில் ஒப்பமிட வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். பட்டச் சான்றிதழ் என்றால் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்குங்கள்.

ஏ9_பயணி
தம்பி அவுஸ்திரேலியா என்றீர்களே அண்ணை, அங்கே ஆசிரியராகவா?

பாலைமரம்
ஓம். ஆனால் அது நீண்ட பாதை. அங்கே ஆசிரியர் தகுதியை மதிப்பிட நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும், அதற்குள் ஒரு வருடம் ஆசிரியர் கல்வி, 45 நாள் மேற்பார்வையோடு வகுப்பறைப் பயிற்சி. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையின் கல்விப் பிரிவில் வாசிப்பும் எழுத்தும் 7, கேட்டலும் பேச்சும் 8. பேச்சில் 8 எடுப்பது விளையாட்டில்லை. தம்பி மூன்றாம் முறைதான் எடுத்தான். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே மற்றக் கடதாசிகள் தயாராகாமல் பரீட்சைக்குக் காசு கட்டாதீர்கள்.

தங்கச்சி, உங்களிடம் கல்வி டிப்ளோமா இல்லை என்றால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பட்டப்பின் கல்வி டிப்ளோமா. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். அது இருந்தால் வளைகுடாவிலும் கதவு திறக்கும். தோகா, மஸ்கட், ரியாத்தில் இலங்கையர் பாடசாலைகளே இருக்கின்றன.

வெள்ளைப்பிரம்பு
நான் ஓய்வுபெற்ற அதிபர். 31 வருடம் இந்த மண்ணில் படிப்பித்தேன், அதில் இரண்டு வருடம் மரத்துக்குக் கீழே. எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

மகளே, நீங்கள் போகக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்த இழையில் ஒருவரும் அந்தத் தரம் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. விசுவமடுவில் கணிதம் தெரிந்த ஒருவர் கொட்டகை போட்டு இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்று எனக்குத் தெரியும். கணிதத்தில் சித்தி இல்லாமல் உயர்தரப் பக்கமே போக முடியாமல், மேசன் வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போன என் மாணவர்களை எண்ணினால் இரண்டு கை போதாது. நல்ல ஆசிரியர் ஒவ்வொருவராகப் போனால் இங்கே மிஞ்சுவது யார்?

ஏ9_பயணி
ஐயா, மன்னிக்க வேண்டும். அந்தக் கேள்வியை நான்கு வருடம் நியமனம் கொடுக்காமல் வைத்திருப்பவர்களிடம் அல்லவா கேட்க வேண்டும்? என் அக்கா தொண்டர் ஆசிரியராக ஏழு வருடம் ஒட்டுசுட்டானில் நின்றாள். பஸ் காசும் சொந்தக் காசு. நேர்முகத்துக்குப் போனபோது வரவுப் பதிவில் ஒப்பம் குறைகிறது என்றார்கள். பிள்ளைகளுக்காக நில் என்று எல்லோரும் சொன்னார்கள். நின்றாள். இப்போது வயது 41.

வெள்ளைப்பிரம்பு
தம்பி, நீங்கள் சொல்வது சரி. உங்கள் அக்காவைப் போன்றவர்களை வைத்துத்தான் நானும் பாடசாலை நடத்தினேன். அவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதங்கள் எதுவும் எடுபடவில்லை. அந்தக் கவலையில்தான் எழுதினேன், மகளைக் குறை சொல்ல அல்ல.

முறிகண்டியான்
ஒரு எச்சரிக்கை சொல்ல மறந்துவிட்டேன். தாய்லாந்தில் ஆங்கிலம் படிப்பிக்கலாம், கணினி படிப்பிக்கலாம் என்று வட்ஸ்அப் குழுக்களில் வரும் விளம்பரங்கள். தாய்லாந்தில் உண்மையாகவே வெளிநாட்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் தாய்லாந்து என்று கூட்டிப் போய் எல்லை கடத்தி மியன்மாரின் மியாவாடியில் இணைய மோசடி முகாம்களில் அடைத்த இலங்கையர் பலர். மீட்டுக் கொண்டுவந்த செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. பாடசாலையின் பெயரே சொல்லாமல் விமானச் சீட்டு அனுப்புகிறார்கள் என்றால் போகாதீர்கள். தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர் என்றால் அதுவும் நமக்கில்லை. அந்த விசா ஏழு ஆங்கில நாடுகளின் கடவுச்சீட்டுக்கு மட்டும்.

மூன்றாம்வாய்க்கால்
எல்லோருக்கும் பதில் எழுதப் பிந்திவிட்டது, இரண்டு மாதம் ஆகிவிட்டது.

கிளிநொச்சி முகவரிடம் பாலைமரம் அண்ணை சொன்ன கேள்வியைக் கேட்டேன். பாடசாலையின் பெயர் விசா வந்த பிறகுதான் சொல்லுவோம் என்றார். எழும்பி வந்துவிட்டேன். நான்கரை இலட்சம் கேட்டவர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. காணி உறுதி தகரப் பெட்டிக்குள் இருக்கிறது.

கொப்பிக்காரி அக்கா சொன்னபடி சனிக்கிழமைப் பாடத்தை ஆங்கிலத்தில் தொடங்கினேன். முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்றாம் கிழமையிலிருந்து ஒரு பிள்ளை "மிஸ், இன்றைக்கு இங்கிலிஷ் நாள்" என்று தானே ஞாபகப்படுத்துகிறாள். மாலைதீவில் மூன்று பாடசாலைகளுக்கு நேரே விண்ணப்பித்தேன். இரண்டில் பதிலே இல்லை. ஒன்றில் இணையத்தில் நேர்முகம், இருபது நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். வீட்டில் சிக்னல் போதாது என்று பரந்தனில் மாமி வீட்டுக்குப் போய் இருந்து செய்தேன். இருபடிச் சமன்பாடு. நடுவில் ஒருவர் ஏன் என்று கேட்டார். எண்கோடு கீறவில்லை அக்கா, வாயால் சொன்னேன்.

எடுக்கிறார்கள். வேலை அனுமதிக்கான கடதாசிகளை அனுப்பிவிட்டேன். பெயரில் ஒரு 'எச்' குறைந்துதான் இருந்தது, சத்தியக் கடதாசி முடித்தேன். பொலிஸ் சான்றிதழுக்கு இணையத்தில் போட்டிருக்கிறேன்.

அதிபர் ஐயாவுக்கு: சாதாரண தரப் பரீட்சை முடிந்த பிறகு வந்து சேர முடியுமா என்று அவர்களிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. இந்த முறை என்னிடம் 16 பிள்ளைகள்.

வெள்ளைப்பிரம்பு
பதில் எப்படி வந்தாலும் எழுதுங்கள் மகளே. நேரத்தோடு போக வேண்டி வந்தால் செவ்வாயும் வியாழனும் நான் வருகிறேன். சைக்கிள் ஓட இன்னும் கால் இருக்கிறது. எந்தப் பாடத்தில் விட்டீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

மூன்றாம்வாய்க்கால்
கொப்பி இன்றைக்கே தொடங்குகிறேன் ஐயா.

கொப்பிக்காரி அக்கா, இன்னொன்று. அம்மா சின்னப் பிள்ளையார் சிலை ஒன்று தந்துவிடப் பார்க்கிறார். கொண்டு போகலாமா?

கொப்பிக்காரி
கொண்டு போகக் கூடாது. வணக்கத்துக்குரிய சிலைகளை அந்த நாட்டுக்குள் எடுத்துப் போகச் சட்டம் விடாது, சுங்கத்தில் பறிப்பார்கள். அம்மாவிடமே இருக்கட்டும், அவர் உங்களுக்காக விளக்கு வைக்கட்டும். பெட்டியில் அந்த இடத்துக்கு மிளகாய்த்தூள் வையுங்கள். வீட்டில் வறுத்து அரைத்தது, இரண்டு கிலோவுக்குக் குறையாமல்.